முதிய பூனையின் குடலில் கட்டி: மீயொலி சொல்வதும் சொல்லாததும்

பூனை வளர்க்காத வீடுகள் ஜொகூரில் உண்டு. பூனை வந்து எட்டிப் பார்க்காத வீடு உண்டா என்பது சந்தேகமே. தோட்டத்து லயங்களை விட்டு நம்மவர்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது மாடும் கோழியும் பின்தங்கிவிட்டன. பூனை மட்டும் மூட்டை முடிச்சுகளோடு கூடவே வந்து சேர்ந்தது. அன்றைய லயத்துப் பூனை எலி பிடிக்கும், மிஞ்சிய மீன்முள்ளைத் தின்னும், ஐந்தாறு ஆண்டுகளில் ஒருநாள் காணாமல் போய்விடும். அதற்கு முதுமை என்ற ஒன்று இருப்பதை நாம் கண்டதே இல்லை. இன்று நிலைமை வேறு. தடுப்பூசி, கருத்தடை, கடையில் வாங்கும் பூனைத் தீனி, வீட்டுக்குள்ளேயே வாழும் பழக்கம் ஆகியவற்றால் பன்னிரண்டு, பதினைந்து வயதுப் பூனைகள் சர்வ சாதாரணமாகிவிட்டன. ஆயுள் கூடும்போது முதுமைக்கால நோய்களும் சேர்ந்து வருவது மனிதருக்கு மட்டுமன்று, பூனைக்கும் பொருந்தும்.

அந்நோய்களுள் ஒன்றாகிய குடற்கட்டியைப் பற்றியும், அதனைக் கண்டறிய உதவும் மீயொலிப் பரிசோதனையைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம். மீயொலி என்பது வேறொன்றுமில்லை. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் 'ஸ்கேன்' என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்களே, அந்த அல்ட்ராசவுண்ட்தான். நான் மருத்துவன் அல்லன், பொறியியல் படித்தவன். இத்துறையைத் தேடிப் படிக்கும் கட்டாயம் எனக்கு ஏற்பட்டதற்குக் காரணம், குளுவாங்கில் என் அத்தை வளர்த்த சின்னான்.

'வயசானா இளைக்கத்தானே செய்யும்'

2022ஆம் ஆண்டு தீபாவளிக்கு அத்தை வீட்டுக்குச் சென்றிருந்தபோது, வழக்கம்போல் மடியில் ஏறிய சின்னானைத் தூக்கினேன். பஞ்சு மூட்டையைத் தூக்குவது போலிருந்தது. முதுகெலும்பு விரலில் தட்டியது. அதற்கு அப்போது பதின்மூன்று வயது.

"என்ன அத்தே, இப்படி இளைச்சிருக்கு?" என்றேன்.

"வயசாச்சு தம்பி. வயசானா இளைக்கத்தானே செய்யும்? சாப்பாடெல்லாம் நல்லாத்தான் சாப்பிடுது. வாரத்துக்கு ரெண்டு தடவ கக்கும். முடிய முழுங்குதுல்ல, அதான்" என்றார் அத்தை.

அத்தையைக் குறை சொல்வதற்கில்லை. அதற்கு முன்பே அவர் ஒரு கிளினிக்கிற்குக் கொண்டு போயிருக்கிறார். அங்கும் வயதாகிவிட்டது என்று சொல்லிப் பூச்சி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எடை எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. எனக்கும் அப்போது அது பெரிதாகப் படவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமாம். இங்கே கண்ணை மூடிக்கொண்டது பூனையன்று, நாங்கள்.

நான்கு மாதங்கள் கழித்து அத்தை தொலைபேசியில் அழைத்தார். சின்னான் இரண்டு நாளாகத் தட்டைப் பார்ப்பதும் திரும்பிப் போவதுமாக இருக்கிறது என்றார். அந்த வாரக் கடைசியில் ஜொகூர் பாருவிலுள்ள வேறொரு கிளினிக்கிற்குக் கொண்டு வந்தோம். மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. முதல் வேலையாகத் தராசில் நிறுத்தினார்: 2.9 கிலோ. பழைய தடுப்பூசி அட்டையைப் புரட்டினார். ஈராண்டுகளுக்கு முன் 4.4 கிலோ. "மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது" என்று மலாயில் சொன்னார். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் நாற்பத்தாறு கிலோவாக வந்து நின்றால் நாம் அதை வயது என்று சொல்வோமா? பூனைக்கு உடம்பெல்லாம் உரோமம்; கிலோக்கணக்கு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதிய பூனை நன்றாக உண்டும் இளைக்கிறது என்றால் மருத்துவர்கள் முதலில் ஐயுறுபவை சில உண்டு. தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்வது, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவை இரத்தப் பரிசோதனையிலும் சிறுநீர்ப் பரிசோதனையிலும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். சின்னானுக்கு இம்மூன்றும் இல்லை. அடுத்து மருத்துவர் இரு கைகளாலும் அதன் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். வலப்பக்கத்தில் கை நின்றது. "ஏதோ தட்டுப்படுகிறது. ஸ்கேன் பார்க்க வேண்டும்" என்றார்.

எதிரொலியைப் படமாக்கும் வித்தை

மனிதக் காதுக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் கேட்கும். பூனைக்கோ 60,000 ஹெர்ட்ஸையும் தாண்டிக் கேட்கும்; எலிக்குஞ்சுகளின் கீச்சொலி நமக்குக் கேட்காது, அதற்குக் கேட்கும். ஸ்கேன் கருவி பயன்படுத்துவதோ ஒரு கோடி ஹெர்ட்ஸ், அதாவது 10 மெகாஹெர்ட்ஸ் அளவிலான ஒலி. அந்த ஒலி பூனையின் காதுக்கும் எட்டாது.

இதன் அடிப்படை 1880இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டறிந்த அழுத்தமின் விளைவாகும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். பின்னர் தெரிந்தபடி, மின்சாரம் பாய்ச்சினால் அவை அதிரவும் செய்யும். ஸ்கேன் எடுப்பவரின் கையிலுள்ள கருவியில் இத்தகைய நுண்ணிய துண்டுகள் வரிசையாக உள்ளன. அவை ஒரு கணம் அதிர்ந்து ஒலியை அனுப்பிவிட்டு, உடனே மௌனமாகி எதிரொலிக்குக் காது கொடுக்கின்றன. உடலின் மென்திசுக்களில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்லும். இரண்டு சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள குடலில் பட்டுத் திரும்பி வர ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் இருபத்தாறு பங்கு நேரம் போதும். நேரத்தைக் கொண்டு ஆழத்தையும், எதிரொலியின் வலிமையைக் கொண்டு வெளிச்சத்தையும் கணினி புள்ளியாக்குகிறது. புள்ளிகள் சேர்ந்து படமாகின்றன.

இங்கே பொறியியல் மாணவர்கள் சுவைக்கத்தக்க ஒரு பேரம் இருக்கிறது. அதிர்வெண் கூடினால் அலைநீளம் குறையும். அலைநீளம் குறைந்தால் நுட்பமாகப் பார்க்கலாம். 10 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.15 மில்லிமீட்டர்தான். ஆனால் உயர்ந்த அதிர்வெண் ஒலி உடலுக்குள் விரைவில் தேய்ந்துவிடும், ஆழத்துக்குப் போகாது. ஆகவே பருத்த மனிதரின் வயிற்றைப் பார்க்க 3.5 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. பூனையின் வயிறோ சில சென்டிமீட்டர் ஆழம்தான். தாராளமாக 10, 15 மெகாஹெர்ட்ஸ் என்று ஏறலாம். அதனால் ஒரு பூனையின் குடலை நம் குடலைவிடத் துல்லியமாகப் பார்க்க முடிகிறது.

மீயொலிக்கு இரண்டு பகைவர்கள் உண்டு. ஒன்று எலும்பு, மற்றொன்று காற்று. திசுவும் காற்றும் சந்திக்கும் எல்லையில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஒலி திரும்பிவிடும். அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. தோலின் மீது ஜெல் தடவுவதும், பூனையின் வயிற்று உரோமத்தை மழிப்பதும் இடையில் காற்று சிக்காமல் இருக்கத்தான். குடலுக்குள் வாயு நிரம்பியிருந்தாலும் இதே சிக்கல்.

குடலில் தொடங்கிய வரலாறு

மீயொலி என்றவுடன் நமக்குக் கருவிலுள்ள குழந்தை நினைவுக்கு வருகிறது. ஆனால் மருத்துவத்தில் அதன் தொடக்க முயற்சிகளுள் ஒன்று குடலைப் பற்றியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

ஜான் வைல்ட் என்பவர் 1914இல் இங்கிலாந்தில் பிறந்த அறுவை மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மீது குண்டுகள் விழுந்தபோது, காயமுற்றவர்கள் பலருக்குக் குடல் இயக்கம் நின்று வயிறு உப்பிவிடுவதைக் கண்டார். குடற்சுவரின் தடிப்பை அறிந்தால் அது செயலிழந்த குடலா, அடைபட்ட குடலா என்று பிரித்தறியலாமே என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. போருக்குப் பின் அமெரிக்காவின் மினசோட்டாவுக்குச் சென்றார். அங்கே கடற்படையினர் வானோடிகளுக்கு ரேடார் படிக்கப் பயிற்சியளிப்பதற்காக 15 மெகாஹெர்ட்ஸ் மீயொலிக் கருவி ஒன்றை வைத்திருந்தனர். வைல்ட் அதைக் கொண்டு குடற்சுவரைச் சோதித்தார். சுவரின் தடிப்பை அளக்க முடிந்தது. அதன் படலங்களிலிருந்து தனித்தனி எதிரொலிகள் வந்தன. புற்றுநோய்த் திசுவின் எதிரொலி இயல்பான திசுவின் எதிரொலியிலிருந்து வேறுபட்டது. 1950இல் இதை வெளியிட்டார். போர்க்காலக் கருவியின் அதே 15 மெகாஹெர்ட்ஸ் இன்று பூனைக் குடலுக்கு ஏற்ற அதிர்வெண்ணாக இருக்கிறது.

1958 ஜூன் மாதம் 'லான்செட்' இதழில் கிளாஸ்கோவைச் சேர்ந்த இயன் டொனால்டும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரையும் வயிற்றுக் கட்டிகளைப் பற்றியதுதான். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், உலோகத்தில் விரிசல் தேடும் தொழிற்சாலைக் கருவியில் சோதித்துப் பார்ப்பதற்காக, அறுத்தெடுத்த கட்டிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியையும் அவர் காரில் ஏற்றிக்கொண்டு போனாராம்! அறுவைக்கு அப்பாற்பட்ட புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது சூலகத்தில் நீர்க்கட்டிதான் என்பதை அவருடைய கருவி காட்டியது. கட்டி அகற்றப்பட்டது, அப்பெண் பிழைத்தார்.

நம்மவர் பங்கும் இத்துறையில் இல்லாமலில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், நாகேந்திர நாத்துடன் இணைந்து 1935, 1936ஆம் ஆண்டுகளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து வெளியிட்ட கட்டுரைகள், மீயொலி அலைகள் ஒளியை எவ்வாறு சிதறவைக்கின்றன என்பதை விளக்கின. இராமன் விளைவு எல்லாருக்கும் தெரியும். இது அவ்வளவாகத் தெரியாது. மருத்துவ ஸ்கேனுக்கும் இதற்கும் நேர்த்தொடர்பில்லை என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கால்நடைத் துறையில் 1966இல் ஆட்டின் சினையை அறியவும், 1980 முதல் குதிரையின் சினைப்பையைப் பார்க்கவும் மீயொலி பயன்பட்டது. பணம் புரளும் விலங்குகளுக்குத்தான் முதலில் கருவி வந்தது. பூனையின் முறை பிறகுதான் வந்தது. நம் நாட்டில் அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தில், அதாவது இன்றைய செர்டாங் புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்தில், 1972இல் கால்நடை மருத்துவப் புலம் தொடங்கும்வரை இத்துறையைப் பயில விரும்பியவர்கள் வெளிநாடு செல்ல வேண்டியிருந்தது. சென்னையிலோ கால்நடை மருத்துவக் கல்லூரி 1903லேயே வந்துவிட்டது. இன்று செர்டாங்கிலுள்ள பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் மட்டுமன்றி, ஜொகூர் நகரங்களிலுள்ள தனியார் கிளினிக்குகளிலும் ஸ்கேன் கருவியைக் காணலாம்.

இரண்டு மில்லிமீட்டருக்குள் ஐந்து கோடுகள்

மீண்டும் சின்னானிடம் வருவோம். முதல்நாள் இரவே உணவை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், தண்ணீர் கொடுக்கலாம். வயிற்றில் உணவும் வாயுவும் குறைவாக இருந்தால் படம் தெளிவாக விழும். அறையில் விளக்கைக் குறைத்தார்கள். நடுவில் பள்ளம் விழுந்த மெத்தையில் அதனை மல்லாக்கக் கிடத்தி, அத்தை அதன் தலைமாட்டில் நின்று நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். வலி எதுவுமில்லை. பொல்லாத பூனையாக இருந்தால் மயக்கமருந்து சிறிது தேவைப்படும். சின்னானுக்கு முரண்டு பிடிக்கவும் தெம்பில்லை.

மருத்துவர் முதலில் நல்ல குடல் எப்படி இருக்கும் என்று திரையில் காட்டினார். அதை நான் மறக்கவில்லை. பூனையின் சிறுகுடல் சுவர் இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் தடிப்புதான் இருக்கும். பெருங்குடலைச் சேரும் கடைசிப் பகுதி மட்டும் சற்றுத் தடிப்பு, ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். அந்தச் சிறு தடிப்புக்குள் ஐந்து கோடுகள் தெரிகின்றன. உட்புற மேற்பரப்பு வெளிச்சம், அதனை அடுத்த சளிப்படலம் இருட்டு, அதன் அடிப்படலம் வெளிச்சம், தசைப்படலம் இருட்டு, வெளியுறை மறுபடியும் வெளிச்சம். குறுக்குவெட்டில் பார்த்தால் வெட்டிய வெங்காயத்தின் வளையங்கள்போல ஒழுங்காக இருக்கின்றன. ஸ்கேன் எடுப்பவரின் கண் தேடுவது இரண்டைத்தான்: தடிப்பு கூடியிருக்கிறதா, வளையங்கள் குலையாமல் இருக்கின்றனவா?

வளையங்கள் அழிந்து, ஓரிடத்தில் குடற்சுவர் ஒரே கருஞ்சாம்பல் நிறத் திரளாகத் தெரிந்தால் அது கட்டி என்ற ஐயம் வலுக்கும். முதிய பூனைகளின் குடலில் அடிக்கடி காணப்படும் புற்றுநோய் லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். இதில் இரு வகை உண்டு. பெரிய உயிரணு வகை வேகமாக வளரும், கட்டியாகத் திரளும், வளையங்களை விழுங்கிவிடும், அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் வீங்கச் செய்யும். சிறிய உயிரணு வகை மெல்ல வளரும். பெரும்பாலும் கட்டியாகத் திரளாமல் குடல் நெடுகப் பரவிச் சுவரை, குறிப்பாகத் தசைப்படலத்தை, தடிக்கச் செய்யும். வளையங்கள் அப்படியே இருக்கும். அடுத்து வருவது சுரப்பித் திசுவில் தோன்றும் அடினோகார்சினோமா. மோதிரம் போட்டதுபோல் குடலை ஓரிடத்தில் வளைத்து இறுக்கும். அதற்கு மேலுள்ள பகுதி அடைப்பினால் உப்பிப் போகும். சயாமியப் பூனைகளுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம். மாஸ்ட் உயிரணுக் கட்டி என்று ஒன்றும் உண்டு. அது அவ்வளவாக வருவதில்லை.

லிம்போமா குறித்து ஒரு சிறு வரலாறு. பூனைகளுக்கு இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரசை 1964இல் வில்லியம் ஜாரட் கண்டறிந்ததும் அதே கிளாஸ்கோவில்தான். அக்காலத்தில் லிம்போமா என்றால் அந்த வைரஸ் தொற்றிய இளம் பூனைகளின் நோய். பரிசோதனையும், 1980களில் தடுப்பூசியும் வந்தபின் அது குறைந்தது. இப்போது லிம்போமா எனப்படுவது பெரும்பாலும் வைரஸ் இல்லாத, பத்து வயதைத் தாண்டிய பூனைகளின் குடல் நோய்.

சின்னானின் படத்தில் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்துக்கு அருகே கோடுகள் நின்றுபோயின. அதற்கு முன்னும் பின்னும் ஐந்து கோடுகள். நடுவில் மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒன்றுமில்லை, வெறும் கருமை. சுவர் ஒன்பது மில்லிமீட்டர். பக்கத்தில் உருண்டையாக வீங்கிய ஒரு நிணநீர்க் கணு. மருத்துவர் எதுவும் சொல்லவில்லை, அளந்துகொண்டிருந்தார். அத்தைதான் திரையைப் பார்த்துக்கொண்டே, "அந்த எடத்துல மட்டும் அழிச்சு வச்ச மாதிரி இருக்கே தம்பி" என்றார்.

படம் பெயர் சொல்லாது

ஸ்கேன் எடுத்தாயிற்று, நோய் தெரிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். அது தவறு. மீயொலி காட்டுவது உருவத்தை. நோயின் பெயரை அன்று. கட்டியாகத் தெரிபவை எல்லாம் புற்றுநோயும் அல்ல. 2009இல் முதன்முதலாக விரிவாக விவரிக்கப்பட்ட ஒரு நோயில், அழற்சியினாலும் நார்த்திசுவினாலும் ஆன கடினமான திரள் பூனையின் குடலில் உண்டாகிறது; பார்வைக்குப் புற்றுநோய் போலவே இருக்கும், ஆனால் அன்று. பூனைகளின் கொரோனா வைரசால் வரும் வயிற்று நோயும் சில வேளைகளில் கட்டியாகத் தோன்றும். விழுங்கிய நூலோ ரப்பரோ சிக்கியிருக்கலாம்; குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். இவ்விரண்டையும் பழகிய கண் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும்.

கட்டி இல்லாமல் சுவர் மட்டும் தடித்திருந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. நாட்பட்ட குடல் அழற்சியும் சிறிய உயிரணு லிம்போமாவும் ஸ்கேனில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். தசைப்படலம் தடித்திருப்பது லிம்போமாவின் பக்கம் சாய்கிறது என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2010இல் எழுதினர். எனினும் அழற்சியிலும் அது காணப்படலாம். அமெரிக்காவின் டெக்சாசில், நாட்பட்ட வாந்தியோ எடைக்குறைவோ இருந்து ஸ்கேனில் குடல் தடித்திருந்த 100 பூனைகளின் திசுக்களை ஆராய்ந்து 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. 99 பூனைகளுக்குக் குடலில் நோய் இருந்தது. அவற்றுள் ஏறத்தாழப் பாதி அழற்சி; மறுபாதி பெரும்பாலும் லிம்போமா. மதில் மேல் பூனை என்பார்களே, இதைவிடப் பொருத்தமான இடம் அந்தப் பழமொழிக்குக் கிடைக்காது. அத்தை சொன்ன 'முடிய முழுங்குதுல்ல, அதான்' என்ற விளக்கத்தை இந்த 99 பூனைகளுக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

மறுபக்கமும் உண்டு. ஸ்கேனில் குடல் இயல்பாகத் தெரிந்துவிட்டதால் நோயே இல்லை என்று சொல்ல முடியாது. வாயுவுக்குப் பின்னால் கட்டி மறைந்திருக்கலாம். சிறிய உயிரணு லிம்போமா சுவரைத் தடிக்கச் செய்யாமலும் இருக்கலாம். கருவியைப் பிடித்திருக்கும் கையைப் பொறுத்தும் முடிவு மாறும். ஆண்டுக்கணக்கில் பூனைக் குடலைப் பார்த்தவரும், நேற்றுக் கருவி வாங்கியவரும் ஒரே படத்தைப் பார்ப்பதில்லை.

எனவே அடுத்த படி, திரையைப் பார்த்தபடியே கட்டிக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்திச் சில உயிரணுக்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. மீயொலியின் பெரும்பயன் இதுதான் என்று சொல்வேன். கத்தியின்றி அந்த இடத்துக்கே வழிகாட்டுகிறது. பெரிய உயிரணு லிம்போமா இதில் பெரும்பாலும் பிடிபடும். சிறிய உயிரணு வகையைப் பிடிக்க ஊசி போதாது. உள்நோக்கி வழியாகவோ அறுவை செய்தோ திசுத் துண்டு எடுக்க வேண்டியிருக்கும்.

சின்னானுக்குக் கட்டியிலிருந்தும் கணுவிலிருந்தும் ஊசியால் எடுத்தார்கள். ஐந்து நாள் கழித்து முடிவு வந்தது. பெரிய உயிரணு லிம்போமா.

தெரிந்து என்ன பயன்?

சிகிச்சை என்றால் சிகிச்சைதானே என்று நினைக்கக்கூடாது. நோயின் பெயர் மாறினால் எல்லாமே மாறுகிறது. சிறிய உயிரணு வகையாக இருந்திருந்தால் பிரெட்னிசோலோன், குளோரம்புசில் என்ற இரு மாத்திரைகளை வீட்டிலேயே கொடுத்து வரலாம். ஈராண்டுகள், அதற்கு மேலும் நலமாக வாழும் பூனைகள் பல உண்டு. அடினோகார்சினோமா பரவாமல் ஓரிடத்தில் இருந்தால் அப்பகுதியை வெட்டி எடுத்துக் குடலை இணைக்கலாம். சில பூனைகள் அதற்குப்பின் ஓராண்டுக்கு மேலும் வாழ்கின்றன. பெரிய உயிரணு வகைக்குப் பல மருந்துகளை ஊசியாகவும் மாத்திரையாகவும் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். அப்படியும் எல்லாப் பூனைகளும் தேறுவதில்லை. தேறியவற்றுக்கும் கிடைப்பது பெரும்பாலும் மாதங்கள்தான்.

மருத்துவர் ஒளிவுமறைவின்றி எல்லாவற்றையும் சொன்னார். வாரந்தோறும் குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வர வேண்டும், செலவு ஆகும், நரம்பில் ஊசி போட வேண்டும். அத்தை நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அதுக்கு வலிக்குதா?" வலியைக் குறைக்கலாம், பசியைத் தூண்டலாம், பிரெட்னிசோலோன் மட்டும் கொடுத்தால் சில வாரங்கள் நன்றாக இருக்கும் என்றார் மருத்துவர். அத்தை அதையே தேர்ந்தெடுத்தார். நான் வேறு விதமாக முடிவு செய்திருப்பேனோ என்னவோ. ஆனால் பூனை அத்தையுடையது. அதன் கூடவே இருக்கப் போகிறவரும் அவர்தான்.

முன்பே, அந்தத் தீபாவளியின்போதே, வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று வெளியே வந்து தனியாக மருத்துவரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். இது வேகமாக வளரும் வகை. நான்கு மாதங்களுக்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதை யாரும் அறிய முடியாது என்றார். ஆறுதலுக்காகப் பொய் சொல்லாத அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சின்னான் ஒன்பது வாரங்கள் இருந்தது. முதல் ஆறு வாரங்கள் அவித்த கெம்போங் மீனைக் கேட்டு வாங்கித் தின்றது. வாசல் திண்ணையில் வெயில் காய்ந்தது. அதன்பின் மறுபடியும் தட்டைப் பார்ப்பதும் திரும்பிப் போவதுமானது. அத்தையே தொலைபேசியில் அழைத்து நேரம் கேட்டார். ஊசி போட்டு வலியின்றி அனுப்பி வைத்தோம்.

வீட்டில் செய்யக்கூடியவை

இதைப் படிக்கும் மாணவர்கள் பலர் வீட்டை விட்டு விடுதியில் இருப்பீர்கள். வீட்டுப் பூனையைத் தினமும் பார்ப்பவர்களுக்கு அதன் இளைப்பு தெரியாது. விடுமுறைக்குப் போகும் உங்களுக்குத்தான் சட்டென்று தெரியும். தூக்கிப் பாருங்கள். பத்து வயதைத் தாண்டிய பூனையை மாதம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வைப்பது நல்லது. குழந்தையை நிறுக்கும் தராசு இருந்தால் சிறப்பு. நாம் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி நம் எடையைக் கழிக்கும் முறையில் நூறு, இருநூறு கிராம் பிசகும். 4 கிலோ பூனைக்கு 400 கிராம் குறைந்தால் அது பத்தில் ஒரு பங்கு, காத்திருக்கக் கூடாது. வாரந்தோறும் வாந்தி எடுப்பது பூனைக்கு இயல்பன்று. வாந்தி, வயிற்றுப்போக்கு, பசி கூடுவது, குறைவது ஆகியவற்றைத் தேதியோடு எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கு அது பாதிப் பரிசோதனை. ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: சோர்ந்திருக்கிறதே என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் கேட்பதற்கும் சில கேள்விகள் உண்டு. குடலின் படலங்கள் குலையாமல் இருக்கின்றனவா? நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருக்கின்றனவா? ஊசி செலுத்தி உயிரணு எடுக்க முடியுமா? பழைய எடைக் குறிப்பும் இரத்தப் பரிசோதனை முடிவும் கையில் இருக்கட்டும்.

அத்தை வீட்டில் சின்னானோடு வளர்ந்த கறுப்பி இருக்கிறது. அதற்கு இப்போது பதினோரு வயது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அதைத் தராசில் உட்காரவைத்து, எடையைச் சுவர் நாட்காட்டியில் ராகுகாலம் போட்டிருக்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் அத்தை எழுதிவிடுவார். ஆறு மாதமாக 4.1 என்றே இருந்தது. இம்மாதம் 3.9. "இதுக்கும் ஸ்கேன் எடுக்கணுமா தம்பி?" என்று தொலைபேசியில் கேட்டார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். நேற்று நிறுத்தார்; 3.9தான். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறோம்.